வேர்ச்சுவல் மெமரியை நிறுத்திய நாள்

மாமனார் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிட வேண்டும். டார்னெய்ட்டில் எங்கள் வீட்டுப் பழைய கணினியில் மனைவி தன் அப்பாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அவர் படங்களுக்கு டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று முந்தின நாள் வேர்ச்சுவல் மெமரியை நிறுத்தியவன் நான். கணினியின் தற்காலிக நினைவகமான ராம் நிரம்பினால், டிஸ்க்கில் தனக்கென ஒதுக்கிய இடத்தில் மிச்சத்தைத் தாங்குவது அதுதான். தெரிந்தும், ஒரு நாள்தானே என்று விட்டேன். படங்களையும் அவள் திறந்ததும் கணினி அப்படியே நின்றுவிட்டது. சேமிக்காத மூன்று பக்கங்களும் போயின.

உண்மையைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை.

"எழுதினதெல்லாம் ஞாபகம் இருக்கு. நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ."

அழுகை வந்து அவள் நிறுத்திய இடங்களிலெல்லாம் பேனாவுடன் காத்திருந்தேன்.

பிறகு வேர்ச்சுவல் மெமரியைத் திரும்பப் போட்டேன். கணினி மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் எதையும் கைவிடவில்லை. அவளருகில் எனக்கும் அந்த வேகமே போதும்.