ஏழு தையல்

நாரை வண்டிகளில் கடைசியானது, அன்றோடு மூடப்படும் தொழிற்சாலையின் வாசலைத் தாண்டியது ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலே முக்காலுக்கு. வரிசையாக நின்றவர்கள் கை தட்டினார்கள். சிலர் அழுதார்கள். ஸ்கேல் அக்கா மட்டும் கையில் தையல் பிரிக்கும் கொக்கியோடு வண்டியின் பின்னால் ஓடினார். காவலாளி இரும்புக் கதவை இழுத்துச் சாத்தியபோது கொக்கி கம்பியில் பட்டு 'டங்' என்றது. வேலையும் போயிற்று, வண்டியும் போயிற்று.

பிரிவு தாங்காமல் ஓடினார் என்று கூட வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அக்கா மறுத்ததில்லை. நிஜக் காரணத்தைச் சொன்னால் மானம் போய்விடும்.

முன்மூக்கில் ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளி நாரை இருந்ததால் அந்தக் காருக்கு நாரை வண்டி என்று பேர். அதன் உண்மைப் பெயர் அதை வாங்கியவர்களின் வாயில் மட்டும்தான் நுழையும். மற்றவர்கள் சாலையோரம் நின்று பார்ப்பதோடு சரி. அக்கா அதன் இருக்கைப் பிரிவில் பதினேழு வருடம் தோல் தைத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தைப்பார் என்பதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் சொந்தப் பேருக்கு வேலை இல்லாமல் போனது. வீட்டுக்காரர்கூடக் கோபம் வந்தால் "இந்தாம்மா ஸ்கேலு" என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த ஸ்கேல் கோணியது கடைசி நாளில். ஓட்டுநர் இருக்கையின் இடது விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தார். அன்று வேலை சீக்கிரம் முடிவதால் இரண்டு மணிக்கே சங்கு ஊதியது. தினமும் கேட்கிற சங்குதான். ஆனால் நாளைக்கு ஊத வேண்டியதில்லை என்பதால் ஊதுகிறவர் கையை எடுக்கவே இல்லை. நீளமாக, விடாமல் அலறியது. அக்காவின் தலை நிமிர்ந்தது. கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால், ஏழு தையல் விளிம்புப் பக்கமாக வெளியே போய்விட்டு ஒன்றும் தெரியாத மாதிரி திரும்பி வந்திருந்தது.

"ஒரு மணி நேரம் குடுங்க சார், பிரிச்சுத் தச்சுடறேன்" என்று ஃபோர்மேனிடம் கெஞ்சினார்.

"கடைசி வண்டிம்மா. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே சார்."

ஃபோர்மேன் உறையைப் பிடுங்கிக்கொண்டு போய் இருக்கையில் மாட்டிவிட்டார்.

அதன்பிறகு அக்கா வீட்டு முன்னறையில் பழைய தையல் இயந்திரம் ஒன்றைப் போட்டுக்கொண்டார். சோபாக்கள், முடிதிருத்தும் கடை நாற்காலிகள், உடற்பயிற்சிக் கூடத்தின் பெஞ்சுகள் என்று எது வந்தாலும் தைப்பார். வளைந்த ஊசியை உதட்டின் ஒரு ஓரத்தில் கவ்விக்கொண்டு மறு ஓரத்தால் பேசுவார். பழகாதவர்களுக்குப் பாதி புரியாது. எங்கே உட்கார்ந்தாலும் முதலில் கட்டைவிரலை இருக்கையின் அடியில் விட்டுத் தையலைத் தடவிப் பார்ப்பார். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னபோது, "டாக்டர், உங்க நாற்காலி அங்குலத்துக்கு மூணு தையல்தான் போட்டிருக்கு, ஆறு மாசம் தாங்காது" என்றார். அவர் பல்லைப் பிடுங்கினார். ஆறாவது மாதம் நாற்காலியை அனுப்பிவைத்தார்.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் அந்தக் கடைசி வண்டியின் கருஞ்சிவப்பு நூற்கண்டு. மாதம் ஒருமுறை அதை எடுத்து ஒரு முழம் இழுத்து, இரண்டு கையிலும் சுற்றி, வெடுக்கென்று சுண்டுவார். அறாவிட்டால் திரும்பச் சுற்றி உள்ளே வைத்துவிடுவார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரர் இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"நூலு நல்லாத்தான் இருக்கு. நீ எப்படி இருக்க?"

"நான் எதுக்கு நல்லா இருக்கணும்? தைக்கப் போறது நூலுதானே."

எங்கே, எப்போது தைக்கப் போகிறாய் என்று அவர் கேட்டதில்லை. முப்பது வருடம் லிஃப்டில் ஏறி இறங்கியவருக்கு எந்த மாடியில் நிற்கக் கூடாது என்று தெரியும்.

பதினெட்டு வருடம் கழித்து நாரை திரும்பி வந்தது. யாரோ புதியவர்கள் பேரையும் அந்த வெள்ளிப் பறவையையும் விலைக்கு வாங்கியிருந்தார்கள். வாங்க மிச்சம் இருந்ததும் அவ்வளவுதான். வரைபடங்கள் என்றைக்கோ பழைய காகிதத்தோடு போயிருந்தன. அச்சுகள் உருகிப் போயிருந்தன. அலுங்காமல் நலுங்காமல் எஞ்சியிருந்தது ஒரே வண்டி, அந்தக் கடைசி வண்டி. அதை வாங்கியவர் நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் போர்வை போட்டு மூடி வைத்திருந்தார். புதிய கம்பெனி அதைக் கொண்டுவந்து, ஒளிக்கதிரால் அங்குலம் அங்குலமாக அளந்து, அதைப் பார்த்தே புது வண்டியை வரைந்தது.

அக்காவுக்கு இதெல்லாம் பேருந்து நிறுத்தத்தில்தான் தெரிந்தது. எதிர்க் கட்டடத்தின் சுவர் முழுக்க ஒரே படம். கருஞ்சிவப்புத் தோல், அதில் ஒரு தையல், தையலில் ஒரு வளைவு. கீழே பெரிய எழுத்தில்: 'நாரையின் கழுத்து. பெயர் தெரியாத ஒரு கலைஞர் ஒளித்து வைத்துப் போன கையெழுத்து.'

அக்கா எண்ணினார். ஏழு. ஏற வேண்டிய பேருந்து வந்து, நின்று, போயிற்று. வீட்டுக்கு போன் போட்டார்.

"என்னங்க, என் தப்பு நாலு மாடி உசரத்துக்குத் தொங்குது."

"கீழ விழுந்துடப் போவுது. தள்ளி நில்லு."

அடுத்த மாதம் கம்பெனியே தேடி வந்தது. முதல் பத்து வண்டிகளின் இருக்கைகளைப் பழைய ஆட்களின் கையால் தைக்க வேண்டுமாம். அக்கா அவர்களுடைய பட்டறைக்குப் போனார். வடிவமைப்பாளர் ஒரு சின்னப் பெண், கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தாள். கண்ணாடி அறைக்குள் நிற்கும் பழைய வண்டியைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இந்தக் கழுத்தப் பாருங்க மேடம். இத யாரு தச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அது கழுத்து இல்ல தங்கச்சி. சங்கு."

நடந்ததைச் சொன்னார். பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக ஒரு வெளி ஆளிடம், ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முழு வாயால் சொன்னார். அந்தப் பெண் கொண்டையிலிருந்த பென்சிலை உருவினாள்.

"ஐயோ. பிரசுரமெல்லாம் அச்சாயிடுச்சு அக்கா."

'மேடம்' அந்த நிமிடத்தில் அக்காவாகியிருந்தது. "யாருக்கும் தெரிய வேணாம். நீங்க அப்படியே தச்சுக் குடுத்துடுங்களேன்" என்றாள்.

அக்கா உட்கார்ந்தார். தோலை விரித்து, அந்த இடம் வந்ததும் வளைக்கப் பார்த்தார். கை நேராகப் போயிற்று. இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்தார். பாதியில் கை தானே திரும்பிவிட்டது. மூன்றாவது தடவை எழுந்துவிட்டார்.

"வேணும்னே கோணலாத் தைக்க வரமாட்டேங்குது. சங்கு ஊதச் சொல்றியா?"

அந்தப் பெண் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஓரத்தில் இருந்த தானியங்கி இயந்திரத்தை ஓடவிட்டாள். அது ஏழு தையலையும் அச்சு அசலாக வளைத்து, திரும்பி, நேராகப் போயிற்று. அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார்.

"என் தப்பக்கூட என்னைவிட அழகாப் பண்ணுதே. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. தையல் அங்க விளிம்புக்குப் போயிடுது. விளிம்புல பிடிமானம் கிடையாது. பழைய வண்டியில யாரும் உக்காரல, அதனால தெரியல. உக்காந்து உக்காந்து எழுந்தா அந்த இடந்தான் முதல்ல வாயப் பொளக்கும்."

"அப்ப வேலை?"

"வேணாம். தெரியாமத் தச்சதுக்கே பதினெட்டு வருஷம் தூக்கம் கெட்டுது. தெரிஞ்சே பத்து வண்டிக்குத் தச்சா நான் எப்பத் தூங்கறது?" சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தப் பழைய வண்டியோட ஒரு மணி நேரம் குடு. பிரிச்சு நேராத் தச்சுடறேன். தோல்ல விழுந்த ஓட்டை மூடாதுதான். ஆனா நேர்த் தையல் உள்பக்கமா வரும், பழைய ஓட்டையெல்லாம் மடிப்புக்குள்ள போயிடும். நூலுகூட எங்கிட்ட இருக்கு."

"அந்த வண்டிய நாங்களே கையுறை போட்டுத்தான் தொடறோம் அக்கா. கேட்டுப் பாக்கறேன்."

கேட்டுப் பார்க்கிறேன் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும். வீட்டுக்காரர் வழக்கம்போல் ஆரம்பித்தார்: "இந்தாம்மா ஸ்கேலு, ஒரு தடவ வளைஞ்சு குடுத்தா என்ன?" அக்கா எழுந்து போய் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். அந்த மாதம் டின்னை எடுக்கவில்லை. அடுத்த மாதமும் எடுக்கவில்லை. அந்தச் சுவருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே பேருந்திலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்தார். முடிதிருத்தும் கடைக்காரர் அந்தச் சுவரைப் பற்றி வியந்து பேசியபோது, ஊசியைக் கவ்விக்கொண்டு "ம்" என்றார். நாரை வண்டி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று செய்தி வந்துகொண்டிருந்தது. வண்டி மட்டும் வரவில்லை.

பதினாலு மாதம் கழித்து, ஒரு சோபாவின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்த நேரத்தில் போனில் அந்த வடிவமைப்பாளர் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. கை உள்ளே மாட்டியிருந்ததால் வீட்டுக்காரர்தான் எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"அக்கா, இருக்கைச் சோதனை முடிஞ்சுது. மெஷின் நாப்பதாயிரம் தடவ உக்காந்து எழுந்துச்சு. நீங்க சொன்ன அதே இடத்துல பிரிஞ்சுடுச்சு. பத்து இருக்கையும் அப்படியேதான். கழுத்த எடுத்துடறோம். புதுசா வரையறதுக்குப் பழைய வண்டிய மறுபடி அளக்கணும். அதுக்கு முன்னாடி அது சரியா இருக்கணும்னு மேல நானே பேசிட்டேன். வியாழக்கிழமை கண்ணாடி அறையத் திறந்து விடறோம். நீங்க கேட்ட ஒரு மணி நேரம் போதுமா?"

அக்கா கையை உருவிக்கொண்டு எழுந்தார். முக்காலியில் ஏறி டின்னை இறக்கினார். நூலை ஒரு முழம் இழுத்து, இரண்டு கையிலும் சுற்றி, வெடுக்கென்று சுண்டினார். இன்னொரு தடவை சுண்டினார்.

"என்னன்னு பதில் போட?" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா உதட்டோரத்திலிருந்து ஊசியை எடுத்தார்.

"முக்கா மணி போதும்னு போடுங்க."