பூஜையில் இருந்த கேமரா

எங்கள் தாய்மாமாவுக்குத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற வேலை. ஆனால் உயிர் முழுக்க ஒரு பழைய கேமராவில்தான் இருந்தது. இலங்கையில், யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் சடங்கோ, கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, கூப்பிடாமலே போய் நிற்பார். காசு வாங்க மாட்டார். வெளிச்சம் போதாது என்று மணவறையில் இருந்த பொண்ணு மாப்பிள்ளையையே எழுப்பி வாசலுக்குக் கூட்டி வந்தவர் அவர்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அம்மாவுக்கு வெளிநாட்டில் வீட்டு வேலை சரிவந்து பாஸ்போர்ட் படம் தேவைப்பட்டபோது, பஜார் ஸ்டூடியோவுக்குத்தான் கூட்டிப் போனார். "காது தெரியணும், சிரிக்காதீங்க" என்றார் ஸ்டூடியோக்காரர். கண் சிமிட்டுவதற்குள் வேலை முடிந்தது.

"இதுதான் மச்சான் தொழிலு. நீ செய்றது வெளாட்டு" என்று அப்பா படத்தைக் காட்டினார்.

"இது எங்க அக்காவா? பொலிஸ்ல புடிச்சி வச்ச ஆளு மாதிரியில்ல இருக்கு!" என்றார் மாமா.

ஆனாலும் அவருக்கு ரோசம். அம்மா போவதற்குள் ஒருநாள் ஆற அமர, சிரிக்கிற மாதிரி படம் எடுத்துத் தருகிறேன் என்று எனக்குச் சொல்லி, புது பிலிம் ரோலும் வாங்கிப் போட்டார். அந்த ஆயுத பூஜைக்கு வீட்டில் பால்வெட்டும் கத்திகளைக் கழுவிப் பொட்டு வைத்தபோது, கேமராவுக்கும் சந்தனம் பூசி நடுவில் வைத்துவிட்டார். "இதுவும் என் தொழில்தான்." பூஜையில் வைத்ததை மறுநாள் காலை திரும்பவும் பூஜை செய்யும்வரை யாரும் தொடக் கூடாது.

அன்று மத்தியானமே அம்மாவை ஏற்றிப் போக வெளிநாட்டு வேலை ஏஜென்சியின் வேன் வந்து நின்றது. பயணத்தை முன்னாலே போட்டுவிட்டார்களாம்.

"மாமா, கேமராவ எடுங்க மாமா! ஒண்ணே ஒண்ணு!" என்று நான் அழுதேன். மாமாவின் கை சாமித் தட்டுப் பக்கம் போனது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. சாமிகிட்ட வச்சத எடுத்து, அந்தப் பாவத்தோட நான் கடல் தாண்டணுமா? திரும்பி வந்து நிக்கிறேன், அப்ப எடு."

"இக்மன் கரன்ட, அக்கே" என்று சாரதி சிங்களத்தில் அவசரப்படுத்தினான். அம்மா போய்விட்டார்.

அம்மா செய்தது சரிதான் என்று இன்றும் சொல்வேன். ஆண்டவன் புண்ணியத்தில் நல்லபடியாகத் திரும்பியும் வந்தார். ஆனாலும் அன்றைக்கு எடுக்காமல் போன அந்தச் சிரிப்புக்கு மனசு இன்னும் ஏங்குகிறது.

மறுநாள் பூஜை முடிந்ததும் மாமா கேமராவை எடுத்துக்கொண்டு எங்கள் அடுப்படிக்கு வந்தார். அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. அம்மா தோட்ட வேலைக்கு மலைக்குப் போகும்போது கட்டுகிற தலைத்துண்டு ஆணியில் தொங்கியது. வாசல் வெயில் உள்ளே வரும்வரை நின்று, அடுப்பும் துண்டும் தெரிய ஒரு படம் எடுத்தார்.

"அங்க யாருமே இல்லையே மாமா?" என்றேன்.

படம் கழுவி வந்ததும் கோபத்தில் வீசிவிட்டேன். அப்பா பொறுக்கி எடுத்தார். மழைக்கு நனையாமல் பொலித்தீனில் சுற்றி, வேலைக்குப் போகும்போதெல்லாம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா முகம் தெளிவாக இருந்த ஸ்டூடியோப் படத்தை என்னிடமே விட்டுவிட்டு, ஆளில்லாத அடுப்படியை அவர் ஏன் சுமந்து திரிந்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.