ஃபிர்அவ்ன் கோப்பையில் பலூடா

என் தம்பி பெண்சாதியை நான் பழி வாங்கிய கதை இது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். "உம்மா, இதெல்லாம் எழுதோணுமா?" என்று இப்போதே முகத்தைச் சுளிக்கிறாள். எழுது என்றேன். நோன்பு மாதத்தில் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது.

தம்பி குடும்பம் கண்டி டவுனில், நான் அங்கிருந்து தள்ளி, திகன என்ற சின்ன ஊரில். போன வருஷம் அவர்கள் உம்ராவுக்குப் போனார்கள். இப்போதெல்லாம் மக்கா மதீனாவோடு விடுவதில்லை, திரும்பும் வழியில் மிஸ்ரையும் சுற்றிக் காட்டித்தான் அனுப்புகிறார்கள். எகிப்தைத்தான் நாங்கள் மிஸ்ர் என்போம். மூஸா நபியும் யூசுப் நபியும் நடந்த மண் ஆச்சே, அங்கே வாங்கியதெல்லாம் பரக்கத்து என்று நினைத்து, தம்பி பெண்சாதி ஒரு செட் கண்ணாடிக் கோப்பையை வாங்கி, துவாயில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பிளேனில் வந்தாள்.

பொய் சொல்லக் கூடாது, அழகென்றால் அழகு. நெட்டையான ஒற்றைக் கால், அதற்கு மேல் தாமரை மொட்டு மாதிரி குவிந்த கோப்பை. மழை விட்ட மறுநாள் விக்டோரியா டேம் தண்ணீர் தெரியுமே, அந்த நீலம். அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் பழைய தெல்தெனிய டவுன் கிடக்கிறது. என் கல்யாணச் சேலை வாங்கிய கடையும் அதற்குள்தான். சரி, கோப்பைக்கு வருவோம். நீலத்தின் மேல் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடுகள், பறவை இறகு மாதிரி வளைந்து வளைந்து ஓடும். உருகின கண்ணாடியை நூலாக இழுத்துச் சுற்றி, சூடு ஆறுவதற்குள் ஊசியால் கீறி இழுத்தால் அப்படி வருமாம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்திய வேலையாம். வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி, தானே ஊதிச் செய்தவள் மாதிரி ஆகிவிட்டாள். ஒவ்வொரு கோப்பையிலும் தங்க நிறத்தில் ஒரு உருவம். ஒன்றில் நாய்த் தலை மனுஷன், ஒன்றில் பறவைத் தலை, ஒன்றில் கோடு போட்ட துணியைத் தலையில் போட்ட ராஜா.

உம்ரா போய் வந்தவர்களைப் பார்க்கப் போனால் மக்காவிலிருந்து கொண்டு வந்த ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் தருவார்கள் அல்லவா? நானும் போனேன். அப்போதுதான் பேத்தியைக் கட்டிக் கொடுத்திருந்தோம். புதுச் சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போனேன். எல்லோருக்கும் அந்த நீலக் கோப்பையில் ஸம்ஸம் வந்தது. என் முறை வந்ததும் தம்பி பெண்சாதி தட்டைப் பின்னால் இழுத்தாள்.

"மதினிக்கி இது வாணாம். திகன கை, போட்டு ஒடச்சிருவாங்க. உள்ளுக்குப் பிளாஸ்டிக் கோப்பை ஈக்கி, அதுல குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மாவும் முந்தானைக்குள் சிரித்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் புனிதமான தண்ணீரைக் குடித்துக்கொண்டே, இதே ஆட்களின் கண் முன்னால் இவளைக் கவிழ்க்க வேண்டும் என்று நிய்யத்து வைத்தேன்.

முதலில் அதைவிட நல்ல செட் ஒன்று வாங்கி வைக்கத்தான் நினைத்தேன். இப்போதைய புதுத் தெல்தெனிய டவுனில் ஒரு பேன்சிக் கடைக்குப் போய்க் கையால் உயரம் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் ஒரு கோப்பையை எடுத்து வைத்தார்.

"இதா உம்மா? இது வைன் கிளாஸ். ஹோட்டல்காரங்கதான் வாங்குற. உங்களுக்கு எனத்துக்கு இது?"

"சும்மாதான் மகன். தலையில கோடு கோடா துணி, நாடியில கயிறு மாதிரி தாடி, அப்பிடி ஒரு ராஜா படம் போட்டது ஈக்கா?"

அவர் போனைத் தட்டி ஒரு படத்தைக் காட்டினார். அதே ஆள்.

"இவரா? ஃபிர்அவ்ன்மார் இப்பிடித்தான் உம்மா ஈப்பாங்க."

ஃபிர்அவ்ன்! மூஸா நபியைக் கடல் வரைக்கும் துரத்தி, அதே கடலில் மூழ்கிய மிஸ்ர் ராஜா, கொடியவன். குர்ஆன் ஓதப் போகும் எங்கள் பிள்ளைகள் முதலில் கேள்விப்படும் கெட்டவனே அவன்தான். அவன் படம் போட்ட, சாராயச் சாதிக் கோப்பையில் ஸம்ஸம் ஊற்றியிருக்கிறாள்! நான் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் பயந்து பிளேன்டீ வரவழைத்தார்.

நல்ல மனுஷி என்றால் உடனே தம்பி பெண்சாதியிடம் சொல்லியிருப்பாள். நான் நோன்பு வரும் வரை வாயைத் திறக்கவில்லை. புதுச் சம்பந்திகளை நோன்பு திறக்கக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். தம்பியும் அவர்களைக் கூப்பிட்டான். நான் போன் எடுத்தேன்.

"புள்ள, அண்டைக்கி அந்தக் கோப்பையள எடுங்க. அவங்க இன்னும் அதப் பத்தித்தான் பேசிக்கிட்டு ஈக்காங்க."

"அப்பிடியா மதினி!" என்று பூரித்துப் போனாள்.

அன்று எனக்குப் பயமும் இருந்தது. சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொண்டால், என் பேத்தி அல்லவா அந்த வீட்டில் வாழ்கிறாள்? ஆனாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லக் கேட்டது. பேரீச்சம்பழம், கஞ்சி, பொரித்த பேட்டிஸ், பிறகு நீலக் கோப்பைகளில் பலூடா. ரோஸ் நிறம் நீலத்தோடு சேர்ந்து, உள்ளே இருந்தது மை மாதிரி தெரிந்தது. சம்பந்தி ஹாஜியார் இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை லைட்டுக்கு நேரே தூக்கினார்.

"இந்த நாய்த்தலக்காரன் ஆரு, மகள்?"

"அது மிஸ்ர் ராஜாமார் காலத்துப் படம் ஹாஜியார்," என்றாள் தம்பி பெண்சாதி, மயில் மாதிரி.

"மிஸ்ர் ராஜாண்டா... ஃபிர்அவ்னா?"

எல்லோரும் தங்கள் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தம்பி மட்டும் பேட்டிஸை மென்றுகொண்டே, "எனக்கிட்டப் பறவத்தல ஈக்கி" என்றான்.

"யா அல்லாஹ்! ஃபிர்அவ்ன்ட கோப்பையிலயா நோம்பு தொறந்த?" என்று சம்பந்தியம்மா தன் கோப்பையைத் தட்டில் தள்ளி வைத்தாள்.

இதோடு விட்டிருக்கலாம். எனக்குப் போதவில்லை. "நீங்க வேற சம்பந்தி," என்றேன், தேன் மாதிரி. "பெரிய எடங்கள்ல வைன் குடிக்கிற கோப்பைதானே இது. எங்கட புள்ளக்கி வெளிநாட்டுப் பழக்கம்!"

தம்பி பெண்சாதியின் முகம் ரோஸ் சிரப்பை விடச் சிவந்தது. ஹாஜியார் என்ன சொல்வாரோ என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திடீரென்று சிரித்தார். தாடியெல்லாம் பலூடா தெறிக்கச் சிரித்தார். அவர் சிரித்ததும் வீடே சிரித்தது. பிறகு குசினியில் பாத்திரம் கழுவும்போது சம்பந்தியம்மா என் காதருகே வந்தாள்.

"நீங்க முன்னுக்கே தெரிஞ்சி வெச்சீந்தீங்களா?"

"தெரியும்."

அவள் என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டலில் எனக்குத் தெரிந்தது, இனி இவள் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாள், என்னோடு சேர்ந்துதான் சிரிப்பாள் என்று.

மறுநாள் தம்பி பெண்சாதி போன் எடுத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"மதினி, அதுகள நீங்களே கொண்டு போங்களேன். உங்களுக்கு ஆசதானே?"

ஆசைதான். இப்போதும் அந்த நீலம் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் இந்தச் சந்தர்ப்பத்தை விட முடியுமா?

"வாணாம் புள்ள. உருவப் படம் ஈந்த ஊட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்களே. எங்கட ஊட்டுக்கு அவங்க வந்து போற."

இப்போது அவளுக்கு அதை உடைக்கவும் மனசில்லை, கொடுக்கவும் ஆளில்லை. அலுமாரி உச்சியில் துவாய்க்குள் கிடக்கிறது. நான் போகும்போதெல்லாம், வெளி ஆட்கள் இருக்கிற நேரம் பார்த்துச் சத்தமாகக் கேட்பேன்: "புள்ள, அந்த ராஜாமார் சொகமா ஈக்காங்களா?"

அவள் குசினிக்குள் போய்விடுவாள். நான் இன்னொரு பேட்டிஸ் எடுத்துக்கொள்வேன்.