நாலு வீதி மாலில் ஒரு வளைகாப்பு

அருணாதேவி வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸில் உதவியாளராக இருந்தாள். அப்பா இறந்தபோது தம்பி திருமலை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் படிக்கவைத்து, ஓசூரில் வேலையில் சேர்த்து, கல்யாணமும் முடித்து நிமிர்ந்தபோது அவளைப் பெண் பார்க்க வருவது நின்றுபோயிருந்தது. போன வருஷம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். வாடகை வீட்டில் இப்போது அவள் மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தோடு வருவதாக இருந்தான். செங்கம் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ‘நாலு வீதி’ ஷாப்பிங் மாலைப் பார்க்கவேண்டும் என்று அவன் பிள்ளைகளுக்கு ஆசை. எல்லாருக்குமாகப் புளியோதரை கிளறி, பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைக்கும்போது போன் வந்தது.

“அக்கா, மாமியார் திடீர்னு வந்துட்டாங்க. அடுத்த வாரம் வரோம்.”

“சரிப்பா. வந்தவங்களப் பாரு.”

கட்டிய புடவையை அவிழ்க்க மனசு வரவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து அவள் மட்டும் போனாள்.

ஊரில் பெரிய கோயிலைச் சுற்றி இருக்கிற மாட வீதிகளைப் போலவே மாலுக்குள்ளும் நான்கு வீதிகள் வைத்திருந்தார்கள். நடுவில் ஃபைபரில் செய்த பெரிய தேர். கூரையில் நீல வானம் வரைந்திருந்தது. வாசலில் பாவாடை தாவணி கட்டிய பெண் பன்னீர் தெளித்தாள்.

“எத்தன பேரு மேடம்?”

“நான் ஒருத்திதான்.”

அந்தப் பெண் அவளுக்குப் பின்னால் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கற்கண்டு கொடுத்தாள்.

வீதி வீதியாக நடந்தாள். ஓட்டு வீடு மாதிரி முகப்பு வைத்த கடைக்குள் செல்போன் விற்றார்கள். பித்தளை அண்டாவைக் கவிழ்த்து உள்ளே பல்பு போட்டிருந்தார்கள். தேர் முன்னால் ஒரு வயசான அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஐயோ, அது பொம்மைத் தேரும்மா, வா” என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அருணாதேவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் திரும்பினாள். யாரோ ஒருவர் ஐஸ்கிரீமோடு கடந்துபோனார்.

புடவைக் கடையில் ஒரு புடவையைத் தொட்டதும், “பொண்ணுக்கா மேடம்?” என்று கேட்டார்கள். சும்மா பார்ப்பதாகச் சொல்லி வெளியே வந்தாள்.

மேல்மாடியில் ‘விசேஷ வீடு’ என்று பலகை மாட்டியிருந்தது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று தனித்தனியாக மேடை அலங்கரித்து வைத்திருந்தார்கள். பணம் கட்டினால் அங்கே உட்காரவைத்து போட்டோ எடுத்துத் தருவார்கள். வளைகாப்பு மேடையில் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் மாலை போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் கையைக் கட்டி நின்றான்.

“சார், வளையல் போடற மாதிரி எடுக்கணும். வீட்டு லேடீஸ் வராங்களா?” என்றான் போட்டோக்காரன்.

“யாரும் வரல.”

“எங்க ஸ்டாஃப் பொண்ணுங்களும் சாப்பிடப் போயிட்டாங்களே.”

மேடையிலிருந்த பெண், முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற அருணாதேவியைப் பார்த்தாள். “அக்கா, செத்த வரீங்களா?”

அருணாதேவி ஓரடி பின்னால் நகர்ந்தாள். தம்பி பெண்டாட்டியின் வளைகாப்புக்கு வளையல் வாங்கி வந்ததே அவள்தான். தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது திருமலையின் மாமியார் மெதுவான குரலில், “நீ உள்ள பாயசத்தப் பாத்துக்கோ அருணா” என்றாள். கூடத்தில் பாட்டும் சிரிப்பும் ஓயும்வரை அருணாதேவி அடுப்படியை விட்டு வரவில்லை.

“நான் கல்யாணம் ஆகாதவம்மா. வேற யாரையாச்சும் கூப்பிடு.”

“கல்யாணம் ஆனவங்க எங்க ரெண்டு வீட்டுலயும் நெறைய பேரு இருக்காங்க. எங்க கல்யாணம் புடிக்காம ஒருத்தரும் எட்டிப் பாக்கல” என்றாள் அந்தப் பெண். “நீங்க வந்து போடுங்கக்கா.”

புருஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

அருணாதேவி செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினாள். சந்தனத்தைத் தொட்டு அந்தப் பெண்ணின் கன்னத்தில் தடவினாள். குங்குமம் வைத்தாள். கை வீங்கியிருந்ததால் விரல்களைச் சேர்த்துப் பிடித்து ஒவ்வொரு வளையலாக நோகாமல் ஏற்றினாள்.

“வலிக்குதா?”

“இல்லக்கா.” சொல்லும்போதே கண்ணில் நீர் வழிந்தது.

“அழக்கூடாதும்மா, நல்ல நாள்ல.”

“இன்னிக்கு நல்ல நாளாக்கா?”

“தெரியல. நல்ல நாள்னே வெச்சுக்கலாம்.”

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

“போட்டோ வந்துடுச்சு மேடம், போதும்” என்றான் போட்டோக்காரன். அருணாதேவி காதில் வாங்கவில்லை. இரண்டு கையும் நிறைந்த பிறகுதான் நிமிர்ந்தாள். “நல்லபடியா ரெண்டு உயிராப் பிரியணும்” என்று தலையில் கைவைத்துச் சொன்னாள். தட்டில் மிச்சமிருந்த வளையல்களை அந்தப் பெண் எடுத்து, “போட்டவங்களுக்கும் போடணும்க்கா” என்று அவள் கையில் மாட்டிவிட்டாள்.

அதற்குள் அடுத்த குடும்பம் வந்து நின்றது. “ரொம்ப தேங்க்ஸ்க்கா” என்று சொல்லிப் புருஷன் மனைவியைப் பதனமாக லிஃப்டுக்கு அழைத்துப் போனான். கதவு மூடிக்கொண்டது. வீட்டில் அவ்வளவு புளியோதரை இருக்கிறதே, சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாமே என்று அப்புறம்தான் அவளுக்குத் தோன்றியது. படியில் வேகமாக இறங்கி நாலு வீதியும் தேடினாள். வாசலுக்கு வெளியே ஆட்டோ நிற்கிற இடத்திலும் பார்த்தாள். காணவில்லை.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து நாற்காலி கீதாஞ்சலி அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னா அருணாக்கா, கண்ணாடி வளையல்லாம்? விசேஷமா?”

“ஒரு பொண்ணுக்கு வளைகாப்பு.”

“யாரு, சொந்தமா?”

“ஆமா.”

“பேரு இன்னா? எனக்குத் தெரிஞ்ச பொண்ணா?”

அருணாதேவி வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணிடம் அவள் பெயரைக் கேட்டிருக்கவே இல்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை.

“சட்டுனு ஞாபகம் வரல.”

“சொந்தக்காரப் பொண்ணு பேரு கூடவா மறக்கும்?” என்று கீதாஞ்சலி சிரித்தாள். அருணாதேவியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி எழுந்து, வராந்தாக் கோடியில் ஆள் இல்லாத ஜன்னலருகே போய் நின்றாள். வெகுநேரம் கழித்துத்தான் தன் இடத்துக்குத் திரும்பினாள்.