பின்னால் கட்டிய கைகள்

சித்தூர் ரயில் பாகாலா ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் எத்திராஜ் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டுவிடுவார். யாரோ மேலதிகாரி பார்வையிட வந்திருக்கிறார் என்று எண்ணி, வேலைக்குப் புதிதாக வந்த போர்ட்டர் கங்கையா ஒருமுறை சலாம்கூட வைத்துவிட்டார். எத்திராஜ் அதிகாரியும் இல்லை, ஒன்றும் இல்லை. நகரிப் பக்கத்திலிருந்து வந்து, திருப்பதியில் கோவிந்தராஜர் கோயில் பக்கம் பூக்கட்டிப் பிழைக்கிறவர்.

சும்மா இருக்கத் தெரியாத கைகள் அவை. பஸ்ஸில் போனாலும் சரி, டீக்கடையில் அரட்டை அடித்தாலும் சரி, விரல்கள் இல்லாத நாரில் இல்லாத பூவைத் தொடுத்துக்கொண்டே இருக்கும். "கை ஓஞ்சிப் போய் கீதுன்னா எனக்கு ஜுரம்னு தெரிஞ்சிக்கோ" என்பார்.

மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும், பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, பாகாலா வெயிட்டிங் ஹாலில், தாய்மாமன் முன்னிலையில், அவர் தம் மகள் தாட்சாயணியைப் பார்க்கலாம். சித்தூர் கோர்ட்டின் உத்தரவு. நான்கு வயதுக் குழந்தை தாய் மனோரமாவோடு சித்தூரில், தாய்மாமன் கன்னையா வீட்டில் வளர்கிறது. உத்தரவு இங்கிலீஷில் இருந்தது, வக்கீல் தெலுங்கில் விளக்கினார், எத்திராஜ் அதைத் தமிழில் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் பாகாலாவில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் மாநில எல்லைப் பேச்சுதான். திருத்தணி யாருக்கு, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று ரயில் வரும்வரை வாய் ஓயாது. எத்திராஜையும் இழுப்பார்கள். "ஊரு எந்தப் பக்கம் போனா இன்னா, அது எடத்துலதான் இருக்கப் போவுது. கொழந்த அப்டியா?" என்று சொல்லிவிட்டு ரயில் வரும் திசையைப் பார்ப்பார்.

முதலில் உத்தரவு இவ்வளவு இறுக்கமாக இல்லை. ஞாயிறு முழுவதும் அவருக்குத்தான். குழந்தையைத் திருப்பதிக்கே கூட்டிப் போகலாம். அதைக் கெடுத்துக்கொண்டது அவரேதான்.

தாட்சாயணி கைக்குழந்தையாக இருந்தபோது விஷக்காய்ச்சல் கண்டது. பிழைத்தால் மூன்று வயது முடிவதற்குள் மலையில் முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டார்கள், அன்று ஒரே வீட்டில் இருந்த புருஷனும் பெண்சாதியும். மூன்று முடியப் பத்து நாள் இருந்தபோது எத்திராஜுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் குழந்தையை மலைக்குக் கூட்டிப் போய்விட்டார்.

மொட்டை அடிப்பது தாய்மாமன் மடியில். கத்தியைத் தீட்டிக்கொண்டே நாவிதர் தெலுங்கில், "மேனமாம எக்கட?" என்று தாய்மாமன் எங்கே எனக் கேட்டார். "பின்னாடி வந்துக்கினு கீறாரு, நீ ஆரம்பி" என்று எத்திராஜ் கூசாமல் சொன்னார். குழந்தை வீரிட்டுத் துள்ளியது. கத்தி பட்டுவிடப் போகிறதே என்று தம் இரண்டு கைகளாலும் அந்தச் சின்னத் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மாலையில், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு சித்தூரில் ரயிலைவிட்டு இறங்கிய மகளைப் பார்த்த மனோரமா கத்தவில்லை. "எங்க அண்ணன் உசுரோடதானே கீறாரு?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த மாதம் கோர்ட்டில் மனு விழுந்தது. நாள் முழுவதும் இருந்தது இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது.

"வேண்டுதல மறக்காம செஞ்சேன்னு பெருமயா இருந்துச்சி. வேண்டிக்கினது ரெண்டு பேருன்றத மறந்துட்டேன்" என்று கங்கையாவிடம் ஒருநாள் சொன்னார். சொன்னதற்கே அவருக்கு அவமானமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கை சற்று உயர்ந்தாலே குழந்தை இரு உள்ளங்கைகளாலும் தலையை மூடிக்கொள்ளும். கையைப் பின்னால் கட்டும் வழக்கம் அப்படி வந்ததுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நான்கு விரற்கடை கனகாம்பரம் தொடுத்து வாழையிலையில் சுருட்டிக்கொண்டு வருவார். வைக்க முடி ஏது? போகும்போது குழந்தை ஏறிய ரயிலின் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போவார்.

போன ஞாயிறு தாட்சாயணி இறங்கியபோது முடி காதுவரை வளர்ந்திருந்தது. மனோரமா அதை ஒன்றாகச் சேர்த்துச் சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தாள். கன்னையா வழக்கம்போல் எதிர்ப்பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். மலைக்குப் போன நாளிலிருந்து அவர் எத்திராஜிடம் வாய் திறந்ததில்லை.

இலையைப் பிரித்ததும் குழந்தை இரண்டடி கிட்டே வந்தாள். "எனுக்கா நைனா?"

"உனுக்குத்தான் கண்ணு."

பூவை எடுத்தபடி அவர் கையை நீட்டினார். உள்ளங்கைகள் இரண்டும் தலைக்குப் போய்விட்டன.

எத்திராஜ் கையை இறக்கிக்கொண்டார். பிறகு திரும்பிப் போய், கன்னையாவின் முன்னால் பூவை இரண்டு கைகளிலும் ஏந்தினார்.

"நீயே வெச்சி வுடு மச்சான். அன்னிக்கே உன் மடியில ஒக்கார வெச்சிருக்கணும்."

கன்னையா அவரை நிமிர்ந்து பார்த்தார். பேப்பரை மடித்துப் பக்கத்தில் வைத்தார். பூவை வாங்கிக்கொண்டு குழந்தையைத் தூக்கி மடியில் உட்கார வைத்தார்.

மாங்காய் மண்டியில் கூடை தூக்கிப் பழகிய கை அவருடையது. சரம் ஒருமுறை நழுவியது, மறுபடியும் நழுவியது. ரிப்பனுக்கு உள்ளே நாரைச் சொருகி ஒரு முடிச்சு போட்டால் நிற்கும். சொல்ல வாயெடுத்த எத்திராஜ் சொல்லாமல் நின்றார். அவருடைய கைகள் பழையபடி பின்னால் போய்ச் சேர்ந்திருந்தன. பின்னால் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த கங்கையா பார்த்தார்: அந்த விரல்கள் வளைத்து, சுற்றி, இழுத்து, ஒன்றுமில்லாத இடத்தில் அந்த முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தன.