கழுவக் கூடாத ஸ்பாஞ்சு

என் அக்காவுக்குத் தலைமையாசிரியை பதவி இரண்டு தடவை தேடி வந்தது. முதல் தடவை எனக்கு டைபாய்டு. வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இரண்டாம் தடவை, எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒரு நோயும் இல்லை. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை, சோறு வடிக்கத் தெரியும். ஆகவே அவளுக்கு வேறு காரணம் தேவைப்பட்டது. மீன் கிடைத்தது.

நான்கு தங்கமீன்கள். கூடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. விடிந்ததும் கிணற்றில் இறைத்து, பழைய தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டுப் புதுசு நிரப்புவாள். குழாய்த் தண்ணீரை அண்ட விடமாட்டாள்.

"உங்க ஆபீசு தண்ணி முழுக்க பிளீச்சிங் பவுடர் நாத்தம். மனுசங்க குடிச்சுட்டுப் போறாங்க, மீனு தாங்காது."

உத்தரவு வந்த அன்று சொன்னாள்: "செங்கத்துக்குப் பக்கத்துல போட்டிருக்காங்க. நான் போயிட்டா இதுங்களுக்கு யாருடா தண்ணி மாத்துவாங்க? நீ ஆறு மணிக்கு வருவே, பேப்பரைத் தூக்கிக்கினு உக்காந்துடுவே."

விதிகள் எனக்குத் தெரியும். இந்த முறையும் மறுத்தால் இனி கூப்பிடமாட்டார்கள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள், ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்க்கக் கூடியவள், நான்கு மீனுக்காக ஒன்பதாம் வகுப்பு அறிவியலோடு நின்றுவிடுவாள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் காரணத்தை ஒழித்தாக வேண்டும்.

ஊருக்குத் தண்ணீர் வடிகட்டும் மணல் படுகையைத் தினமும் பார்க்கிறவன் நான். அதில் சூட்சுமம் மணலில் இல்லை, நிதானத்தில் இருக்கிறது. பரப்பு பெரிதாக இருந்தால் தண்ணீர் மெதுவாக இறங்கும். மெதுவாக இறங்கினால், மணல்மேல் படியும் வழவழப்பில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்று முடிக்கும். தொட்டிக்குள் மணலைச் சுவராக நிறுத்த முடியாது. ஸ்பாஞ்சை நிறுத்தலாம்.

ரயில்வே ரோட்டில் பஸ் சீட் தைக்கும் பாயிடம் போனேன். இரண்டங்குல கனத்தில் கேட்டேன்.

"தலகாணிக்கா சார்?"

"மீனுக்கு."

"மீனு படுத்துக்கிறதுக்கா?"

"இல்ல பாய், தண்ணி வடிகட்ட."

"அதுக்கு ரெண்டங்குலமா? டிக்கெட் வாங்கிக்கினு உக்கார்றவனுக்கே நான் ஒண்ணரைதான் சார் போடறேன்."

தொட்டியின் அகலம் பன்னிரண்டு அங்குலம். ஸ்பாஞ்சைப் பன்னிரண்டரை வெட்டச் சொன்னேன். சரியளவுக்கு வெட்டினால் ஓரத்தில் சந்து விழும். சந்து கிடைத்தால் தண்ணீரும் மனிதர்களைப் போலத்தான், வரிசையில் நிற்காது. அரை அங்குலம் கூடுதலாக இருந்தால் ஸ்பாஞ்சு தன் விறைப்பிலேயே கண்ணாடியோடு ஒட்டி நிற்கும். உயரமும் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு விரல் இருக்க வேண்டும்.

தொட்டியின் ஒரு கோடியில் அதை நிறுத்தி, பின்னால் நாலு விரல் இடம் விட்டேன். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் அடியில் காற்றுப் பம்பின் மெல்லிய டியூப். ஏறும் குமிழிகள் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போய் ஸ்பாஞ்சுக்கு முன்பக்கம் கொட்டும். பின்னால் குறைந்ததை ஈடுகட்ட, முன்னால் இருக்கும் தண்ணீர் ஸ்பாஞ்சின் முழுப் பரப்பு வழியாகவும் நிதானமாக நுழையும். குழாய் ஆடாமலிருக்க, வெட்டி மிஞ்சிய துண்டைப் பக்கத்தில் செருகினேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். வெளிநாட்டில் முன்பே செய்துவிட்டார்களாம். நம்மைக் கேட்டா செய்கிறார்கள்.

பம்பு ரீங்கரித்தது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. மே மாதம் முடிவதற்குள் ஸ்பாஞ்சு வெல்லப்பாகு நிறத்துக்கு வந்தது. தண்ணீர் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குத் தெளிந்தது. தினமும் இறைக்க வேண்டியதில்லை, வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் மாற்றினால் போதும்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். "ஸ்பாஞ்சு அழுக்கா இருக்குதேடா."

"அந்த அழுக்குதான்க்கா வேலை செய்யுது. கழுவவே கூடாது."

"ம்" என்றாள். அந்த வாரமே பதவியை ஏற்பதாக எழுதிக் கொடுத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் வேலை முடிந்து வந்தால் வீடெல்லாம் சலவைச் சோடா வாடை. எங்கள் ஊரில் பட்டு நூலைச் சாயத்தில் போடுவதற்கு முன் சோப்பும் சோடாவும் போட்டு அவிப்பார்கள். மேலே இருக்கும் பசை போனால்தான் பளபளப்பு வரும். அப்பா காலத்து அண்டா ஒன்று வீட்டில் இருந்தது. அதில் என் ஸ்பாஞ்சு வெந்துகொண்டிருந்தது.

"ஊருக்குப் போறப்ப வீட்டை அழுக்கா விட்டுட்டுப் போறதா? பாரு, கடையில வாங்கினாப்பல இருக்குது."

அவளே அதைத் தொட்டியில் திரும்ப நிறுத்தினாள். இரண்டே நாளில் தண்ணீர் அரிசி கழுவிய நீர்போல வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் திரும்ப வைத்தாள்.

"நான் அப்பவே சொல்லலை? என்னால போக முடியாதுபா."

அப்போதுதான் குழாயோரம் செருகிய துண்டு கண்ணில் பட்டது. அவள் கைக்குத் தப்பி, பழைய பழுப்போடு அங்கேயே இருந்தது. அதை எடுத்து ஸ்பாஞ்சுக்கு முன்னால் பிழிந்தேன். தண்ணீர் சேறாயிற்று. "ஐயோ, கொன்னுடாதேடா!" என்று கத்தினாள். சேறு, அதில் மிஞ்சியிருந்த உயிர்களோடு, மெல்ல நகர்ந்து போய் வெளுத்த ஸ்பாஞ்சில் படிந்தது. அதன்பின் காலையும் மாலையும் நானே இறைத்தேன், நானே மாற்றினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பயணத்துக்கு முந்தின நாள் மீன்கள் அடியில் இறங்கி வழக்கம்போலக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தன. அக்கா குனிந்து பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து புடவைகளைத் தானே பெட்டியில் அடுக்கினாள்.

மணல் படுகையை வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் அவள். எந்த அழுக்கைத் தொடக்கூடாது என்று என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் நடைமுறை தெரிந்தவனுக்கு இதைக் கேட்க ஒரு நடைமுறை தெரியவில்லை.

பஸ் ஜன்னலிலிருந்து அவளே ஆரம்பித்தாள். "ஏண்டா, தெரிஞ்சேதான் கழுவினேன்னு நெனைக்கிறியா?"

"சேச்சே, இல்லக்கா."

"நெனைச்சுக்கோ" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவு. அதைக் கழுவித் தொலைக்காதே" என்றாள்.

அன்று ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பேப்பரை எடுக்கவில்லை. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். நான்கும் கண்ணாடியருகே வந்து, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தன.