தரணேந்திரன் முதலாளி ஏன் டிவி செய்யவில்லை

நண்பர்களே, பழைய நினைவுக்குப் போகும் முன் சில புகார்களை வரிசையாக வைத்துவிடுகிறேன்.

1. வைகாசி கருட சேவையன்று காலை: நான் இளமையில் வேலை பார்த்த ரேடியோ கம்பெனியின் புதிய விளம்பரப் பலகையைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்டேன். பெரிய டிவி ஒன்று. கீழே ஒரு வாசகம்: "எங்கள் நிறுவனர் காணத் துணியாத கனவு, இனி உங்கள் கூடத்தில்."

2. அதற்கடுத்த திங்கள்: கம்பெனிக்குத் தொலைபேசி செய்து, அந்த வாசகம் பொய் என்றேன். "அது சும்மா டேக்லைன்தான் சார்" என்றது ஓர் இளங்குரல்.

3. அதே வாரம் வியாழன்: விவரமாக மின்னஞ்சல் எழுதினேன். "உங்கள் அன்புக்கு நன்றி" என்று உடனே பதில் வந்தது. கூடவே தள்ளுபடிக் கூப்பன்.

4. நேற்று: அதே பலகை சின்ன காஞ்சிபுரத்திலும் ஏறிவிட்டது.

கூப்பனை நான் பயன்படுத்தவில்லை.

இனி நினைவு...

ஈயப் பற்று வைக்கும்போது எழும் ரோசின் புகை. அந்த வாசனை இன்று எங்காவது வந்தாலும் நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிற்கிறேன். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்த கையோடு, ரேடியோக்களைச் சோதிக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலாளி தரணேந்திரன், அந்தப் பலகை சொல்லும் நிறுவனர். தாமலுக்கு அப்பால் ஒரு கிராமத்துச் சமணக் குடும்பம். பொழுது சாயும் முன் சாப்பிட்டுவிடும் வழக்கம் அவர்களுக்கு. ஆகவே எங்கள் கம்பெனியில் எந்த விவாதமும் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும்.

முடியாத விவாதம் ஒன்றே ஒன்று. நாம் டிவி செய்யலாமா, கூடாதா?

ஊர் ஊராக எங்கள் ரேடியோவை விற்றுவந்த பீட்டர்தான் ஆரம்பித்தார்.

"மொதலாளி, ஆரணி, வேலூர்லாம் டிவி கேட்டுக்கினு இருக்கானுங்க. நான் ரேடியோ தூக்கிக்கினு போனா, 'இன்னாபா, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கேக்க வந்தியா'ன்றான்!"

முதலாளி எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். பிறகு உதிரிப் பாகங்கள் வரவழைத்து, கருப்பு வெள்ளை டிவி ஒன்றை எங்களையே பொருத்தி முடிக்கச் சொன்னார். அதைத் தறி உள்ள வீடு ஒன்றில் சில நாள் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எங்கள் ரேடியோ அதிகம் பாடியது தறிகளின் பக்கத்தில்தான்.

சின்ன காஞ்சிபுரத்தில் கன்னியப்பன் வீட்டில் வைத்தோம். மொட்டை மாடியில் ஆண்டெனா கட்டியவன் நான்.

அடுத்த வாரம் முதலாளி, பீட்டர், நான் மூவரும் போனோம். டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால்... அதன் முகம் சுவரைப் பார்த்திருந்தது. பாட்டு மட்டும் வந்தது. கன்னியப்பன் தறியில் நிம்மதியாக நெய்துகொண்டிருந்தார்.

"இன்னாமா இது, டிவி மேல கோவமா?" என்றார் முதலாளி.

கன்னியப்பனின் மனைவி செல்வி சேலையின் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். "பாருங்க சார். இவரு படத்தைப் பாத்துக்கினே கைய ஓட்டனாரு. இந்த மயிலுக்குத் தலையே வரல. கல்யாணப் பொடவை! அதான் திருப்பி வெச்சிட்டேன்."

"தலையில்லாத மயிலு புது டிசைன்டி," என்றார் கன்னியப்பன், தறியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ஆமா, தலையில்லாத ஆளு நெய்தா அப்டிதான் வரும்."

பீட்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு ஓடினார். முதலாளி சிரிக்கவில்லை. டிவியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முடிவைச் சொன்னார். டிவி வேண்டாம். டிவியின் சத்தத்தை மட்டும் பிடிக்கிற ரேடியோ செய்வோம்.

"படமில்லாத டிவியா? என்னை ஊர்ல அடிப்பானுங்க மொதலாளி!"

"அடிக்கமாட்டான் பீட்டரு. நம்ம ஆளுக்குக் கண்ணு தறிகிட்ட இருக்குது. காது சும்மாதானே இருக்குது?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இன்னொண்ணு. பிக்சர் டியூப்பை எவனோ செய்யறான். நாம டப்பாவை மாட்டி நம்ம பேரை ஒட்டணும். டியூப் போச்சுன்னா அந்தச் செல்விப் பொண்ணு எங்கிட்டதான் வந்து கேக்கும். என்னால ரிப்பேர் பண்ண முடியாத பொருள்ல எம் பேரை எப்டிபா போடறது?"

துணியாத மனிதர் பேசும் பேச்சா இது?

அந்த ரேடியோப் பெட்டியைச் செய்தோம்; அதன் சுற்றமைப்பில் என் கையும் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில், டிவியில் திரைப்பாட்டு வரும் நேரம், சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் நடந்தால், தறிச் சத்தத்தோடு டிவிப் பாட்டு வீட்டுக்கு வீடு கேட்கும். ஒரு முகமும் திரையைப் பார்த்திருக்காது.

முதலாளி இன்று இல்லை. பீட்டரும் இல்லை. கம்பெனி கைமாறிவிட்டது. புதியவர்கள் மேல் எனக்குப் பகையில்லை. ரேடியோவை மட்டும் நம்பி ஒரு தொழிற்சாலையை இன்று நடத்த முடியாது என்பதும் தெரியும். டிவி செய்யட்டும். நன்றாக விற்கட்டும். இறந்தவரைக் கோழையாக்கி விற்க வேண்டாம். அவ்வளவுதான்.

போன வாரம் செல்வி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் பழைய படமில்லாப் பெட்டி அலமாரியில் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"கெட்டுப் போச்சாக்கா?"

"பொட்டி நல்லாதான் இருக்குது சார். டிவி ஸ்டேஷன்லேர்ந்து அந்தப் பழைய சிக்னல அனுப்பறவன்தான் நிறுத்திட்டான்."

சுவரில் இப்போது அகன்ற வண்ண டிவி. நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் தறியில் இருந்தார். டிவியின் திரையை மறைத்தபடி ஒரு துண்டு தொங்கியது.

கம்பெனி நிர்வாகத்துக்கு: இந்தப் பதிவை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்த வாசகம் எப்போது நீக்கப்படும், உங்கள் டிவி பழுதானால் இந்த ஊரில் அதைப் பிரித்துப் பார்க்கப்போவது யார்... இரண்டுக்கும் எழுத்துமூலம் பதில் வேண்டும். கூப்பன் வேண்டாம்.

கெடு, வரும் வெள்ளிக்கிழமை. பொழுது சாய்வதற்குள். ஒருவருக்குப் பதிலைப் பாக்கி வைத்துவிட்டு எங்கள் முதலாளி சாப்பிட உட்கார்ந்ததில்லை.